டர்பனில் ஒரு சாதாரண வீட்டை லினோவில் செதுக்குவது எப்படி

லினோ அச்சு, அதாவது லினோலியத் தகட்டில் படத்தைச் செதுக்கி, மை பூசித் தாளில் ஒற்றி எடுக்கும் கலை, பழக வருகிறவர்கள் முதலில் கேட்பது "எந்தக் கட்டடத்தை எடுக்கலாம்?" என்பதுதான். பதிலும் அவர்களிடமே தயாராக இருக்கும்: நகர மண்டபம், கிரே தெரு ஜும்மா மசூதி, சாட்ஸ்வொர்த்தில் 1985-இல் திறந்த ஹரே கிருஷ்ணா கோயில். மூன்றும் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் முதல் அச்சுக்கு மூன்றுமே வேண்டாம்.

நகர மண்டபத்தையே பாருங்கள். பெல்ஃபாஸ்ட் நகர மண்டபத்தை முன்மாதிரியாக வைத்து 1910-இல் கட்டி முடித்தார்கள். தூண், சிலை, குவிமாடம் என்று ஓர் அங்குலம் விடாமல் அலங்காரம். அழகுபடுத்தும் வேலையைக் கட்டியவர்களே முடித்துவிட்டுப் போய்விட்டார்கள். நமக்கு மிச்சம் நகல் எடுப்பது மட்டும்தான். அதையும் லினோ ஒழுங்காகச் செய்யவிடாது. மை ஒட்டும் இடம், ஒட்டாத இடம் என்ற இரண்டைத் தவிர அதற்கு வேறொன்றும் தெரியாது. ஏ5 அளவுத் துண்டில் அத்தனை பூவேலையையும் செதுக்கப் பார்த்தால் கடைசியில் கறுப்புச் சகதிதான் மிஞ்சும்.

அதற்குப் பதிலாக ஒரு மூன்று மாடிக் குடியிருப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே மாதிரியான பால்கனி வரிசை, கம்பிக் கிராதி, சுவரோரம் இறங்கும் மழைநீர்க் குழாய், மாடிப்படிக்கு வெளிச்சம் விட வைத்த சிமெண்ட் ஜாலி, கொடியில் காயும் துணி. கோடும் கட்டமும் நிழலும் அங்கே ஏற்கெனவே இருக்கின்றன. பஸ்ஸில் போகும்போது யாரும் இரண்டாவது முறை திரும்பிப் பார்க்காத கட்டடம்தான் தாளில் ஏறும்போது ஆளை நிறுத்துகிறது. இந்தக் கட்டுரை அப்படிப்பட்ட ஒரு கட்டடத்தைத் தேடிப் பிடித்து, செதுக்கி, அச்செடுத்து முடிக்கிற வரைக்கும்.

லினோ, இந்த ஊர்

லினோ முதலில் தரைவிரிப்பாக வந்த பொருள். காற்றில் உலர்ந்து கெட்டியான ஆளிவிதை எண்ணெயோடு தக்கைத்தூளைச் சேர்த்துத் துணியின் மேல் படியவைத்தால் லினோலியம். 1860-களில் இங்கிலாந்தில் ஃபிரெடரிக் வால்டன் கண்டுபிடித்தார். மரம் போல இதற்கு ரேகை கிடையாது, அதனால் எந்தத் திசையிலும் வெட்டலாம். மலிவு, அச்சு இயந்திரமும் வேண்டாம். இந்தக் காரணங்களால்தான் தென்னாப்பிரிக்காவில் அது வேர்விட்டது. கலைக்கல்லூரிகளின் கதவு கறுப்பினத்தவருக்குப் பெரும்பாலும் மூடியிருந்த 1960-களில், ஸ்வீடனிலிருந்து வந்த பேதர், உல்லா கொவேனியஸ் தம்பதி நம் குவாசுலு-நட்டால் மாகாணத்தின் ரோர்க்ஸ் டிரிஃப்டில் நடத்திய கலைமையத்திலிருந்து அசாரியா ம்பாதா, ஜான் முவாஃபாங்கெஜோ போன்ற பெரிய லினோ கலைஞர்கள் வந்தார்கள். முவாஃபாங்கெஜோவின் அச்சுகளைப் பார்த்தால் கறுப்பு வெள்ளை இரண்டே இரண்டை வைத்துக்கொண்டு எவ்வளவு சொல்லலாம் என்பது புரியும். கட்டடங்களில் ஆர்வம் உள்ளவர்கள் சாண்டிலே கோஜே 1993-இல் செதுக்கிய 'இரு பண்பாடுகளின் சந்திப்பு' என்ற அச்சைத் தேடிப் பாருங்கள். கிராமத்து வீடு ஒன்றும் நகரத்து வீடு ஒன்றும் நின்று கைகுலுக்கும். வீட்டுக்குக் கை கால் முளைத்தது கொஞ்சமும் விசித்திரமாகத் தெரியாது.

டர்பன் ஆர்ட் கேலரி நகர மண்டபத்துக்குள்ளேயே இருக்கிறது. பீட்டர்மாரிட்ஸ்பர்க் போனால் டேதம் ஆர்ட் கேலரி. கிளம்புமுன் திறந்திருக்கிறதா, அச்சுகள் ஏதாவது காட்சியில் இருக்கின்றனவா என்று ஒரு போன் போட்டுக் கேட்டுக்கொள்வது நல்லது.

கட்டடம் தேடுவது

இந்தப் படிக்கு அவசரப்படாதீர்கள். செதுக்குவது கைப்பழக்கம், யாருக்கும் வந்துவிடும். எதைச் செதுக்குவது என்று பார்க்கப் பழகுவதுதான் நேரம் எடுக்கும்.

நான் முதலில் அனுப்புவது பழைய கிரே தெருப் பக்கம். இப்போது டாக்டர் யூசுஃப் டாடூ தெரு என்று பெயர், ஆனால் நம்மவர்கள் இன்னும் கிரே ஸ்ட்ரீட் என்றுதான் சொல்கிறார்கள். இந்தியர்கள் எங்கே கடை வைக்கலாம், எங்கே குடியிருக்கலாம் என்பதைச் சட்டம் போட்டு நெருக்கிய காலத்தில் வளர்ந்த இடம். அதனால் கீழே கடை, மேலே குடும்பம் என்று கட்டினார்கள். இடம் குறைவு, ஆள் அதிகம்; கட்டடங்கள் தோளோடு தோள் ஒட்டி நிற்கும். பலவற்றின் நெற்றியில் கட்டியவர் பெயரோ ஆண்டோ சுண்ணாம்புச் சாந்தில் புடைத்து நிற்கும். கண்ணாடிக் கடைமுகப்பைப் பார்க்காதீர்கள், தலையை நிமிர்த்தி முதல் மாடிக்கு மேலே பாருங்கள். கீழே விளம்பரப் பலகை எல்லாவற்றையும் மூடியிருக்கும். மேலே 1930-களின் வளைவான பால்கனியும் கைப்பிடிச் சுவரில் ஓடும் மூன்று கோடுகளும் அப்படியே இருக்கும். பெரேயா பக்கம் இருக்கிற சர்ரே மேன்ஷன்ஸ் மாதிரி பேர்போன ஆர்ட் டெக்கோ (1920, 30-களின் கட்டடப் பாணி) கட்டடங்களில் பார்க்கும் அதே கோடுகள்தான், இங்கே பெயின்ட் உரிந்து நிற்கும். உரிந்தது அச்சுக்கு நல்லது.

அதே பக்கம் மதரஸா ஆர்கேடு என்ற கடைச்சந்துக்குள் நுழைந்து கதீட்ரல் சாலைப் பக்கம் வெளியே வாருங்கள். இருட்டுச் சந்தின் முடிவில் வெள்ளையாக ஒரு வாசல் தெரியும். அது ஒரு முழு அச்சு. கறுப்பை அப்படியே விட்டுவிட்டு அந்த வெளிச்சத்தை மட்டும் வெட்டி எடுத்தால் போதும்.

அடுத்து சாட்ஸ்வொர்த். என்னைக் கேட்டால் தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் லினோவில் செதுக்க வேண்டிய முதல் கட்டடம் அங்கேதான் இருக்கிறது, ஆனால் அதைச் சொன்னால் சாட்ஸ்வொர்த்காரர்களே சிரிக்கிறார்கள். எந்த இனத்தார் எங்கே குடியிருக்கலாம் என்று பிரித்த 1950-இன் குழுப்பகுதிச் சட்டத்தைக் காட்டி மேகசின் பேரக்ஸ், கேட்டோ மேனர் போன்ற இடங்களிலிருந்து நம் மக்களைக் கிளப்பி, 1960-களில் இங்கே கொண்டுவந்து வைத்தார்கள். நகராட்சி அச்சடித்த மாதிரி வரிசை வரிசையாக வீடு கட்டியது. பலவும் ஒரே கூரையின் கீழ் இரண்டு குடும்பம், நடுவில் ஒரு பொதுச்சுவர். கட்டியபோது இரண்டு பாதியும் ஒன்றுபோல இருந்திருக்கும். இப்போது போய்ப் பாருங்கள். இடது பாதியில் பழைய ஓடு, பழைய ஜன்னல், வாசலில் துளசி. வலது பாதியில் மகன் வேலைக்குப் போய் மாடி எடுத்திருப்பான், உருண்டைத் தூண் வைத்திருப்பான், டைல்ஸ் போட்ட கார் பாதை, சிங்கத்தலை வைத்த கேட். கூரையின் நடுக்கோட்டில் ஒரு வீடு முடிந்து இன்னொன்று தொடங்குவது கத்தியால் வெட்டினது போலத் தெரியும். இதைவிட லினோவுக்குப் பொருத்தமான விஷயம் எனக்குத் தெரியாது. ஒரு பாதியை வெள்ளை அதிகமாகவும் மறுபாதியைக் கறுப்பு அதிகமாகவும் விட்டாலே ஐம்பது அறுபது வருஷக் கதை தாளில் வந்துவிடும்.

நெளிதகரச் சுவர் வீடு எங்காவது மிஞ்சியிருப்பதைக் கண்டால் விடாதீர்கள். தகரத்தின் நெளிவு ஏற்கெனவே கறுப்பு வெள்ளைக் கோடு.

கோயிலைத்தான் எடுப்பேன் என்று பிடிவாதமாக இருப்பவர்களுக்கு ஒரு சமரசம்: கோபுரத்தை விட்டுவிட்டுப் பின்பக்கம் போங்கள். அன்னதானத்துக்குச் சமைக்கிற கொட்டகை, கவிழ்த்து வைத்த பெரிய பாத்திரங்கள், புகை படிந்த தகரக்கூரை, குழாயடி. கோபுரத்தில் உள்ள பொம்மைகளை யாரோ ஒரு சிற்பி வடித்துவிட்டார். பின்பக்கத்தை இன்னும் யாரும் பார்க்கவில்லை.

சூரியன் எந்தப் பக்கம்

தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ புதிதாக வந்தவர்கள் இதை மட்டும் மனதில் போட்டுக்கொள்ளுங்கள். டர்பனில் நண்பகல் சூரியன் எப்போதும் வடக்குப் பக்கம்தான் நிற்கும். வடக்குப் பார்த்த சுவரில் வெயில் விழும், தெற்குப் பார்த்த சுவர் பெரும்பாலும் நிழலில் கிடக்கும். ஊரில் பழகின திசைக்கணக்கை இங்கே போட்டால் நிழலுக்காகக் காத்திருந்து ஏமாந்து திரும்புவீர்கள்.

பருவத்தில் ஜூன், ஜூலைதான் சிறந்தது. மழை குறைவு, வானம் தெளிவு, சூரியன் தாழ்வாகப் போவதால் பால்கனியின் நிழல் சுவரில் சரிந்து விழும். டிசம்பர் நண்பகலில் சூரியன் ஏறக்குறைய தலைக்கு மேல் இருக்கும். சன்ஷேடுக்குக் கீழே ஒரு பட்டை நிழலைத் தவிர ஒன்றும் கிடைக்காது. கோடையில் போனால் காலை ஏழு மணிக்குள் போய்விடுங்கள். மேகமூட்டமான நாளில் பார்த்த கட்டடத்தை நல்லதில்லை என்று தள்ளிவிடாதீர்கள், வெயில் நாளில் இன்னொரு தடவை பாருங்கள். ஒரே கட்டடத்தை இரண்டு வேறு நேரத்தில் பார்க்காமல் லினோவைக் கையில் எடுக்கவே கூடாது என்பது என் கட்சி.

படம் எடுப்பது

நகர மையத்தில் போனைக் கையில் நீட்டிக்கொண்டு நிற்பது நல்லதல்ல என்பது இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். ஞாயிறு காலை, இரண்டு பேராக, எடுத்ததும் பைக்குள் போட்டுவிடுங்கள். போலீஸ் நிலையம், துறைமுக வாசல் பக்கம் காமிராவைத் திருப்பாதீர்கள், காவலர்கள் தகராறு செய்வார்கள். வீடாக இருந்தால் கதவைத் தட்டிக் கேட்டுவிடுங்கள். "ஆண்ட்டி, உங்கள் வீட்டைப் படம் வரைய ஆசை" என்றால் முதலில் சந்தேகமாகப் பார்ப்பார்கள், அப்புறம் டீ வரும், அதற்கப்புறம் அந்தச் சுவரை யார் எப்போது கட்டினது என்ற வரலாறும் வரும். சாட்ஸ்வொர்த்தில் இது வேலையின் பாதி.

எதிர்ப்புறத்துக்குப் போய், முடிந்த அளவு தள்ளி நின்று, போனை நேராகப் பிடித்து எடுங்கள். அண்ணாந்து எடுத்தால் சுவர்கள் மேலே போகப் போக ஒன்றையொன்று நோக்கிச் சாயும். படத்தில் பரவாயில்லை, லினோவில் வீடு விழப்போவதுபோல இருக்கும். நேரம் இருந்தால் அங்கேயே உட்கார்ந்து தடித்த மார்க்கரால் ஒரு சின்னப் படம் போடுங்கள். பென்சில் வேண்டாம். பென்சில் சாம்பல் நிறம் தரும், அது லினோவில் கிடையாது.

லினோ வாங்கக் காசு போட யோசிப்பவர்கள் முதல் நாளை உரசலில் கழிக்கலாம். மெல்லிய தாளைச் சுவரின் சொரசொரப்பின் மேலோ, வாசல் டைல்ஸ் மேலோ, நடைபாதையில் இருக்கும் இரும்பு மூடியின் மேலோ வைத்து, மெழுகு கிரேயானைப் படுக்கவைத்துத் தேயுங்கள். குழந்தைகளையும் கூட்டிப்போகலாம். கட்டடத்தின் தோல் எத்தனை விதம் என்று ஒரு மணி நேரத்தில் விரலுக்குத் தெரிந்துவிடும்.

கறுப்பா, வெள்ளையா

இனி மேசைக்கு வருவோம். படத்தை ஏ5 அளவில் அச்சிட்டு எடுத்து, மேலே டிரேசிங் தாளை வைத்து, கறுப்பு மார்க்கரால் நிழல்களை மட்டும் நிரப்புங்கள். கட்டடத்தின் வெளிக்கோட்டை வரையாதீர்கள். வெயில் பட்ட சுவருக்கும் வெள்ளை வானத்துக்கும் நடுவே கோடே தேவையில்லை. கூரையின் நிழலும் ஜன்னலின் கறுப்பும் போதும், மிச்சத்தைப் பார்க்கிறவர் கண் கட்டிக்கொள்ளும். போனில் உள்ள வடிப்பான் ஒரே தட்டில் படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றித்தரும். ஒரு தடவை பார்த்துக்கொள்ளலாம், ஆனால் அதை அப்படியே படியெடுக்காதீர்கள். அது வெளிச்சத்தை மட்டும் அளக்கும். எது முக்கியம் என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

வானத்தை முழுக்க வெள்ளையாகவோ முழுக்கக் கறுப்பாகவோ விடுங்கள். முதல் அச்சில் மேகம் வேண்டாம். கறுப்பு வானத்தில் விளக்கெரியும் ஜன்னல்கள் என்ற யோசனை எல்லோருக்கும் வரும், வெட்டவும் சுலபம். அதனாலேயே எல்லோருடைய அச்சும் ஒன்றுபோல இருக்கும். தவிருங்கள்.

சாம்பல் வேண்டுமென்றால் கோடுகளால் உண்டாக்குங்கள். தகரக்கூரையில் நெருக்கமான இணைகோடுகள் வெட்டினால் தூரத்திலிருந்து சாம்பலாகத் தெரியும். செங்கல் சுவரில் எல்லாச் செங்கலையும் வெட்டாதீர்கள், மூலையிலும் ஜன்னலோரத்திலும் நாலைந்து செங்கல் காட்டினால் முழுச் சுவரும் செங்கல் என்று புரிந்துவிடும்.

எதை நீக்குவது? நிற்கும் காரை நீக்குங்கள். டிஷ் ஆன்டெனா, ஜன்னல் கிரில், தண்ணீர்த் தொட்டி, துணிக்கொடி இவற்றை வையுங்கள். அழகான படம் என்றால் இதையெல்லாம் துடைத்துவிட வேண்டும் என்று நினைக்கிறவர்கள் கடைசியில் கட்டட ஒப்பந்தக்காரரின் விளம்பரத்தாளில்தான் போய் நிற்பார்கள். ஒவ்வொரு கிரில்லிலும் ஒரு வடிவம் இருக்கிறது. வைரம், சூரியன், மயில் என்று எங்கோ ஒரு வெல்டர் தன் கைவரிசையைக் காட்டியிருப்பார். வெள்ளைச் சுவரில் கறுப்பு கிரில், அல்லது இருட்டு ஜன்னலில் வெள்ளை கிரில், இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதற்கே ஒரு சாயங்காலம் செலவழிக்கலாம்.

லினோவுக்கு மாற்றுவது

அச்சில் எல்லாம் இடவலமாகத் திரும்பும். கடைப் பெயர், வீட்டு எண், ஆண்டு எல்லாம் லினோவில் கண்ணாடியில் தெரிவதுபோல இடவலம் மாறி இருந்தால்தான் தாளில் நேராக வரும். இதற்கு மூளையைக் கசக்க வேண்டாம். டிரேசிங் தாளில் 4பி அல்லது 6பி போன்ற மென்மையான பென்சிலால் படத்தின் கோடுகளைப் போடுங்கள். தாளைக் கவிழ்த்து, பென்சில் பட்ட பக்கம் லினோவைத் தொடும்படி ஒட்டி, பின்னாலிருந்து அழுத்தி வரையுங்கள். படம் தானாகத் திரும்பிவிடும். பிறகு லினோவின் மேல் அழியாத மார்க்கரால் கறுப்பாக இருக்க வேண்டிய இடங்களை நிரப்புங்கள். மார்க்கர் பட்ட இடத்தை வெட்டக்கூடாது என்ற ஒரே விதி மிச்சம்.

லினோவையே முதலில் மெல்லிய பழுப்பு மையோ தண்ணீர் கலந்த அக்ரிலிக்கோ பூசிக் காயவிட்டால் வெட்டிய இடம் பளிச்சென்று தெரியும். சின்ன உபாயம், கண்ணுக்கு ரொம்ப உதவி.

செதுக்குவது

வாங்க வேண்டியவை: ஓவியப் பொருள் கடைகளில் கிடைக்கும் சாம்பல் நிற லினோ, சுமார் 3 மி.மீ. கனம், பிளேடு மாற்றக்கூடிய கைப்பிடியுள்ள உளிப்பெட்டி, அதில் குறைந்தது ஒரு சிறிய வி வடிவ உளி, ஒரு சிறிய யு, ஒரு பெரிய யு. ரப்பர் போன்ற மென்தகடுகளும் விற்கிறார்கள். வெட்ட வெண்ணெயாக இருக்கும், ஆனால் நேர்கோடு நெளியும். கட்டடத்துக்கு அசல் லினோதான் சரி. பழைய லினோவை வாங்காதீர்கள். நாள்பட்டால் இறுகி நொறுங்கும். வளைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

வெட்டும்போது உளிக்கு முன்னால் எந்தக் கையும் இருக்கக்கூடாது. லினோவைப் பிடிக்கும் கை எப்போதும் உளிக்குப் பின்னால். இதற்காக ஒரு தடுப்புப் பலகை செய்துகொள்ளுங்கள்: தட்டையான பலகையின் அடியில் ஒரு முனையில் ஒரு சட்டம், மேலே மறுமுனையில் இன்னொரு சட்டம். அடிச்சட்டம் மேசை விளிம்பில் மாட்டும், மேல்சட்டத்தில் லினோ முட்டி நிற்கும். வீட்டில் மிச்சமிருக்கும் பலகையில் அரைமணி நேர வேலை. காயங்கள் பெரும்பாலும் மழுங்கிய உளியால்தான் வரும். மழுங்கினால் அழுத்தம் அதிகம் கொடுப்போம், அது வழுக்கும். பிளேடை மாற்றிவிடுங்கள்.

ஜூலைக் காலையில் லினோ விறைப்பாக இருந்தால் ஜன்னலோர வெயிலில் கொஞ்ச நேரம் வைத்து எடுங்கள். கோடையில் டர்பனில் இந்தப் பிரச்சினையே இல்லை.

முதலில் சின்ன வி உளியால் எல்லா விளிம்புகளையும் கோடிழுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் யு உளியால் பெரிய இடங்களைத் தோண்டுங்கள். விளிம்புக்கோடு ஒரு வேலி; பெரிய உளி அதைத் தாண்டிப் போகாது. ஆழம் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் போதும், அடியில் உள்ள சாக்குத்துணி தெரியும் வரை தோண்ட வேண்டாம். வளைவு வந்தால் கையைத் திருப்பாதீர்கள், லினோவைத் திருப்புங்கள். நேர்கோட்டைப் பென்சிலால் வரையும்போது ஸ்கேல் வைத்துக்கொள்ளலாம், வெட்டும்போது வேண்டாம். ஸ்கேல் வைத்து வெட்டிய வீடு நகராட்சிக்குக் கொடுக்கிற பிளான் மாதிரி ஆகிவிடும்.

தோண்டிய இடத்தில் மிஞ்சும் சின்னச் சின்ன மேடுகள் அச்சில் கீற்றுகளாக விழும். சிலர் அதையெல்லாம் சுத்தமாக வழித்துவிடுவார்கள். நான் வானத்தில் கொஞ்சம் விடுவேன், எல்லாக் கீற்றும் ஒரே திசையில் ஓடும்படி. சுவரில் மட்டும் வழித்துவிடுங்கள். வெயிலடிக்கும் வெள்ளைச் சுவர் வெள்ளையாகவே இருந்தால்தான் வெயில் தெரியும்.

எவ்வளவு வெட்டியாயிற்று என்று பார்க்க ஒவ்வொரு முறையும் மை பூச வேண்டியதில்லை. மெல்லிய தாளை மேலே வைத்துப் பென்சிலைப் படுக்கவைத்து உரசினால் போதும். சந்தேகம் வந்தால் நிறுத்துங்கள். வெட்டாததை நாளைக்கு வெட்டலாம், வெட்டியதை ஒட்ட முடியாது.

மை, தாள், கரண்டி

மையில் இரண்டு வழி. தண்ணீர் மை கழுவ எளிது, ஆனால் நம் ஊர்க் கோடையில் கண்ணாடியிலேயே காயத் தொடங்கிவிடும். பெரிய கறுப்பு இடங்கள் புள்ளி புள்ளியாக வரும். எண்ணெய் மை அடர்த்தியாக ஒரே சீராக விழும். சோப்புத் தண்ணீரில் கழுவக்கூடிய எண்ணெய் மையும் இப்போது கிடைக்கிறது, முதல்முறை வாங்குகிறவர்கள் அதை வாங்குங்கள். எண்ணெய் மை காய நாட்கள் ஆகும், பிப்ரவரி ஈரத்தில் இன்னும் தாமதம்.

பழைய போட்டோ பிரேம் கண்ணாடியின் விளிம்புகளுக்கு டேப் ஒட்டி மேசையில் வையுங்கள். ஒரு தேக்கரண்டிக்கும் குறைவான மை. ரப்பர் ரோலரால் மேலும் கீழும் குறுக்கும் உருட்டிப் பரப்புங்கள். மை சரியான பதத்துக்கு வந்ததைக் காதுதான் சொல்லும்: தாளிக்கும்போது கடுகு வெடிப்பதற்குச் சற்று முன்னால் எண்ணெயில் ஒரு சன்னமான சீறல் வருமே, அந்தச் சத்தம். சத்தமே இல்லையென்றால் மை போதாது. சளக் சளக் என்றால் அதிகம், சின்னக் கோடுகள் அடைந்துபோகும்.

லினோவின் மேல் மெல்லியதாகப் பல தடவை உருட்டுங்கள். தாள் மெல்லியதாக இருக்கட்டும். ஜப்பானிய வகைத் தாள் கையால் அச்செடுக்க ஏற்றது, ஒத்திகைக்குச் செய்தித்தாள் அச்சிடும் வெற்றுத்தாள் போதும். தடித்த ஓவியத்தாள் அழகுதான், ஆனால் அதற்கு அச்சு இயந்திரம் வேண்டும்.

தாளை வைத்ததும் நகர்த்தாதீர்கள். மேலே பேக்கிங் தாள் ஒன்றை வைத்து, மரக்கரண்டியின் முதுகால் நடுவிலிருந்து வெளியே தேயுங்கள். எல்லா இடத்தையும், முக்கியமாக மூலைகளை. ஒரு கையால் தாளை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஒரு மூலையை மட்டும் தூக்கிப் பாருங்கள். வெளிறி இருந்தால் மெதுவாகக் கீழே விட்டு இன்னும் தேயுங்கள். முதல் ஒன்றிரண்டு அச்சு வெளிறித்தான் வரும், புது லினோ மையைக் குடிக்கும். மூன்றாவதிலிருந்து பார்த்துக்கொள்ளுங்கள். தாள் எப்போதும் ஒரே இடத்தில் உட்கார, மேசையில் லினோவுக்கு ஓர் அட்டை மூலையும் தாளுக்கு இன்னொரு அட்டை மூலையும் ஒட்டிவைத்தால் வேலை முடிந்தது.

துணிக்கொடியில் கிளிப் போட்டுக் காயவிடலாம். சமையலறையிலிருந்து தள்ளி, அவ்வளவுதான்.

கழுவும்போது ஓர் எச்சரிக்கை. எண்ணெய் மையைச் சமையல் எண்ணெயால் துடைத்து, பிறகு பாத்திரம் கழுவும் சோப்பால் கழுவுங்கள். ஆனால் ஆளிவிதை எண்ணெய் கலந்த மை ஊறிய துணிகளைக் கசக்கிக் குப்பைத்தொட்டியில் எறியாதீர்கள். அது காற்றோடு சேரும்போது தானாகவே சூடாகித் தீப்பிடிக்கக்கூடும். விரித்துப் போட்டுக் காயவிடுங்கள், அல்லது தண்ணீர் ஊற்றிய மூடியுள்ள தகர டப்பாவில் போடுங்கள்.

நிறம் வேண்டுமென்றால்

கறுப்பு ஒன்றிலேயே சில கட்டடங்களை முடித்த பிறகு போங்கள். ஒரே லினோவைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி, ஒவ்வொரு கட்டத்திலும் வேறு நிறம் அச்சிடும் குறைப்பு முறை ஒன்று உண்டு. 1950-களின் கடைசியில் பிக்காசோ இதில் நிறையச் செய்தார். முதல் நிறத்தை அச்சிடும்போதே எத்தனை பிரதி வேண்டும் என்று முடிவுசெய்துவிட வேண்டும், திரும்பிப் போக வழியில்லை. எனக்குப் பிடித்தது அதைவிட எளிது. பார்சல் அட்டைப்பெட்டியின் மேல்தாளை உரித்தால் உள்ளே நெளிவு தெரியும். அதைக் கூரை வடிவத்தில் வெட்டி, மேலே பசை பூசிக் காயவைத்து, செம்மண் நிற மை தடவி, முதலில் கூரையை மட்டும் அச்சிடுங்கள். காய்ந்ததும் மேலே கறுப்பு லினோவை அச்சிட்டால் தகரக்கூரை நிஜமாகவே தகரமாக நிற்கும்.

எண்ணும் கையெழுத்தும்

அச்சின் கீழே பென்சிலால் எழுதுவது வழக்கம். இடது மூலையில் 1/10, 2/10 என்று பிரதி எண், நடுவில் தலைப்பு, வலதில் கையெழுத்து. தலைப்புக்கு 'நினைவுகள்', 'காலம்' என்றெல்லாம் வைக்காதீர்கள், தெருப் பெயரையும் மாதத்தையும் எழுதுங்கள். பத்துப் பிரதி என்று எழுதினால் பத்தோடு நிறுத்த வேண்டும். எண்ணுக்கு வெளியே உங்களுக்காக எடுத்துவைப்பதை ஆர்டிஸ்ட்ஸ் புரூஃப் என்பார்கள், அதுவும் ஒன்றிரண்டுதான். கையெழுத்தைத் தமிழில் போடலாம், யாரும் தடுக்கப் போவதில்லை. லினோவைத் துடைத்து, தட்டையாக, வெயில் படாமல் வையுங்கள்.

பத்தில் ஒன்று வீட்டுக்காரருக்கு. கேட்டு வாங்கின படத்துக்கு அது மரியாதை. சாட்ஸ்வொர்த்தின் இரட்டை வீட்டைச் செதுக்கியிருந்தால் இரண்டு பாதிக்கும் ஒவ்வொன்று, அதுவும் ஒரே நாளில் கொடுங்கள். ஒரு பக்கத்துக்கு மட்டும் கொடுத்தால் என்ன நடக்கும் என்று அந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.